விழுக்காட்டுக் குறியும் தமிழ் எழுத்தும்

ஔவையார் என்னும் பெயர் தமிழில் நான்கே எழுத்துகளால் ஆனது. அப்பெயரைத் தலைப்பாகக் கொண்ட ஒரு வலைப்பக்கத்தின் முகவரியை உலாவியிலிருந்து படியெடுத்து ஒரு மின்மடலில் ஒட்டினால், அந்நான்கு எழுத்துகள் பல வேளைகளில் அங்கே வந்து சேர்வதில்லை. அவற்றின் இடத்தில் விழுக்காட்டுக் குறிகளும் எண்களும் ரோமானிய எழுத்துகளும் மாறிமாறி அமைந்த ஒரு நீண்ட சரம் வந்து நிற்கிறது. எண்ணிப் பார்த்தால் அறுபத்து மூன்று குறிகள். நாயன்மார் தொகையோடு இஃது ஒத்திருப்பது தற்செயலே. ஆயினும் நான்கு அறுபத்து மூன்றான கதை தற்செயலானதன்று. அதற்கு ஒரு வரலாறு உண்டு. வலையில் எழுதும் தமிழர், தம் படைப்புக்குத் தமிழிலேயே ஒரு முகவரி அமைய வேண்டும் என்று விரும்பும்போதெல்லாம் அவ்வரலாற்றின் மீதுதான் கால்வைக்கின்றனர்.

முகவரியில் இடம்பெறத்தக்க எழுத்துகள் எவை என்னும் வினா வலைக்கும் முற்பட்டது. 1963ஆம் ஆண்டு அமெரிக்கத் தரநிலைச் சங்கம் வெளியிட்ட ‘ஆஸ்கி’ என்னும் எழுத்துக் குறியீட்டில் மொத்தம் 128 இடங்களே இருந்தன. அவற்றுள் ஒரு பகுதி இடங்கள் பொறியை இயக்கும் ஆணைகளுக்கு ஒதுக்கப்பட்டவை. எஞ்சிய இடங்களில் ஆங்கில எழுத்துகளும் எண்களும் நிறுத்தக் குறிகளும் அமர்ந்தன. முதற்பதிப்பில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளுக்கே இடம் வழங்கப்படவில்லை என்பதும், 1967ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் அவை வந்தன என்பதும் இன்று பலர் அறியாத செய்தி. தொலைவரிப் பொறிகளுக்காகச் சிக்கனமாக வெட்டப்பட்ட வாய்க்கால் அது. பிறமொழிகளை விலக்க வேண்டும் என்று எவரும் திட்டமிட்டதாகத் தெரியவில்லை. அவை நினைவுக்கே வரவில்லை என்பதே உண்மைக்கு அண்மையானது. 1980களில் இணையத்துக் கணிப்பொறிகளுக்குப் பெயரிடும் விதிகள் வகுக்கப்பட்டபோது வாய்க்கால் இன்னும் குறுகிற்று. ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு ஆகிய மூன்றுக்கு மட்டுமே பெயரில் இடம். புள்ளிகளால் பிரிக்கப்பட்ட ஒவ்வொரு கூறும் 63 குறிகளுக்கு மேற்படலாகாது என்பது 1987ஆம் ஆண்டு விதி.

ஜெனீவாவை அடுத்த ‘செர்ன்’ அணுத்துகள் ஆய்வகத்தில் 1989 மார்ச்சில் டிம் பெர்னர்ஸ்-லீ முன்வைத்த திட்டம், 1991இல் உலகளாவிய வலை என வெளியுலகுக்கு வந்தது. எந்த முறையில் பெறுவது, எந்தப் பொறியிலிருந்து பெறுவது, அப்பொறியில் எந்தப் பொருளைப் பெறுவது ஆகிய மூன்றையும் ஒரே வரியில் அடக்கும் முகவரிதான் அத்திட்டத்தின் உயிர்நிலை. இணையத்தின் விதிகள் ‘கருத்துரை வேண்டல்’ என்னும் அடக்கமான பெயரோடு வரிசை எண்ணிட்டு வெளிவருவன. 1994 ஜூனில் 1630 எண்ணுள்ள ஆவணமும், அவ்வாண்டு டிசம்பரில் 1738 எண்ணுள்ள ஆவணமும் முகவரியின் இலக்கணத்தை வகுத்தன. பின்னதை எழுதியவர்கள் பெர்னர்ஸ்-லீ, லாரி மாஸின்டர், மார்க் மக்காகில் ஆகிய மூவர்.

இவ்விலக்கணத்தை ஆக்கியோர் மனத்தில் இருந்த படம் எது என்பதை, 1998 ஆகஸ்டில் வெளிவந்த 2396ஆம் ஆவணம் ஒரு சிறு காட்சியால் புலப்படுத்துகிறது. அனைத்துலக மாநாடு ஒன்றுக்கு வந்த சாம், கிம் என்னும் இருவர் ஒரு மதுவருந்தகத்தில் அமர்ந்து ஆய்வுச் செய்திகளைப் பேசிக்கொண்டிருக்கின்றனர். மேலும் அறிய எங்கே பார்ப்பது என்று சாம் கேட்க, கைதுடைக்கும் தாள் ஒன்றில் கிம் முகவரியை எழுதித் தருகிறார். ஊர் திரும்பிய சாம், அத்தாளைப் பார்த்துக் கணிப்பொறியில் தட்டச்சிட்டுப் பக்கத்தைப் பெறுகிறார். உலர்ந்த விதிகளுக்கு நடுவே இப்படி ஒரு கதை வருவது வியப்புக்குரியது. அக்கதையிலிருந்து பிறப்பதே முதன்மையான விதி. முகவரி என்பது பைட்டுகளின் வரிசையன்று, எழுத்துகளின் வரிசை. கையால் எழுதவும் வாயால் சொல்லவும் எந்நாட்டு விசைப்பலகையிலும் தட்டச்சிடவும் ஏற்றதாக அஃது இருத்தல் வேண்டும். எந்நாட்டு விசைப்பலகையிலும் இருப்பவை எவை என்று பார்த்தால், மிஞ்சுவது ஆங்கில எழுத்துகளின் தொகுதியே. எல்லாருக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்னும் நல்லெண்ணமே பெரும்பாலோரை வெளியே நிறுத்திவிட்டது.

ஆங்கிலக் குறிகளுள்ளும் எல்லாவற்றுக்கும் உள்ளே இடம் கிடைத்துவிடவில்லை. இடைவெளி விலக்கப்பட்டது, அச்சுக் கோக்கும்போதும் சொற்செயலியில் ஏறும்போதும் அது காணாமற்போகலாம், இல்லாத இடத்தில் புதிதாகத் தோன்றவும் செய்யலாம் என்று 1994ஆம் ஆண்டு ஆவணம் காரணம் கூறியது. கோண அடைப்புகளும் இரட்டை மேற்கோளும் முகவரியைச் சுற்றிலும் இடப்படுவன ஆதலின் விலக்குண்டன. சாய்கோடு, வினாக்குறி, #, &, = போன்றன முகவரியின் உறுப்புகளைப் பிரித்துக் காட்டும் பணியில் அமர்த்தப்பட்டன. சாய்கோடு படிநிலையைக் காட்டும். வினாக்குறிக்குப் பின் வருவது வினவல். & என்பது ஒரு வினவற் செய்தியை அடுத்ததிலிருந்து பிரிக்கும். # குறிக்குப் பின் வருவது பக்கத்தின் உட்பகுதி ஒன்றின் பெயர். அது வழங்கிக் கணிப்பொறிக்கு அனுப்பப்படுவதே இல்லை. பல்கலைக்கழகக் கணிப்பொறிகளில் தனியார் பக்கங்களுக்கு முன்னொட்டாக வழங்கிய ~ என்னும் அலைக்கோடு 1994இல் ஐயத்துக்குரிய குறியாகத் தள்ளிவைக்கப்பட்டது. பயன்படுத்துவோர் அதை விடுவதாயில்லை. 1998இல் அது தடையின்றி வழங்கத்தக்க குறிகளுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. வழக்குக்கு இலக்கணம் வழிவிடுவது தமிழ் மரபுக்குப் புதிதன்று.

இன்று நடப்பிலுள்ள 2005 ஜனவரி ஆவணத்தின்படி, எவ்விடத்தும் தடையின்றி நிற்கத்தக்கவை 66 குறிகளே: ஆங்கிலப் பெரிய, சிறிய எழுத்துகள் 52, எண்கள் 10, சிறுகோடு, முற்றுப்புள்ளி, அடிக்கோடு, அலைக்கோடு. ஏனையவற்றை எழுத வேண்டுமாயின் மாறுவேடம் வேண்டும். அவ்வேடந்தான் விழுக்காட்டுக் குறி. எழுத்துக்குரிய எண்ணைப் பதினாறன் அடிமானத்தில் இரண்டு இலக்கமாக எழுதி, முன்னே விழுக்காட்டுக் குறியை இடுவது முறை. இடைவெளியின் எண் அவ்வடிமானத்தில் 20. ஆகவே இடைவெளி %20 ஆயிற்று. & என்பது %26. # என்பது %23. விழுக்காட்டுக் குறியே செய்தியின் பகுதியாக வர வேண்டுமாயின் அதுவும் வேடமிட வேண்டும், அஃது %25.

விதி இவ்வளவுதான்; குழந்தையும் கற்றுக்கொள்ளும். ஆனால் நிரல் எழுதுவோர் கால்நூற்றாண்டுக்கு மேலாக இதில் தடுக்கி விழுந்துகொண்டேயிருக்கின்றனர். காரணம், எதை மாற்றுவது என்பதைவிட எப்போது, எந்தப் பகுதியில் மாற்றுவது என்பதே கடினமான வினா. ஒரு நூற்பட்டியலில் ‘அகம் & புறம்’ என்னும் தலைப்பைத் தேடுவதற்கான இணைப்பை ஒரு நிரல் ஆக்குவதாகக் கொள்வோம். தலைப்பை அப்படியே முகவரியின் வினவற் பகுதியில் ஒட்டிவிட்டால், வழங்கி & குறியைக் கண்டதும் செய்தி அங்கே முடிந்தது எனக் கொள்ளும். அதன் கைக்குக் கிடைப்பது அகம் மட்டும். புறம் வேறொரு செய்தியின் பெயராகக் கருதப்பட்டு ஒதுக்கப்படும். பிழைச்செய்தி எதுவும் வாராது. தேடல் விடை தரும். தவறான விடை தரும்.

சரி, முகவரி முழுவதையும் ஆக்கி முடித்தபின் ஒருசேர மாற்றிவிடலாம் எனில் அதுவும் உதவாது. முழு முகவரியில் பிரிப்பானாக நிற்கும் & எது, தலைப்பின் பகுதியாக நிற்கும் & எது என்று பொறியால் பிரித்தறிய இயலாது. இதை உணர்ந்தே, ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் தரநிலை 1999 டிசம்பரில் வெளியிட்ட மூன்றாம் பதிப்பில் இருவேறு சார்புகளைச் சேர்த்தது. ஒன்று முழு முகவரிக்கு உரியது. பிரிப்பான்களைத் தொடாமல் விட்டுவிடும். மற்றொன்று முகவரியின் ஓர் உறுப்புக்கு உரியது. பிரிப்பான்களையும் சேர்த்து வேடமிடச் செய்யும். ‘அகம் & புறம்’ என்பதற்கு ஏற்றது இரண்டாவது. பெயர்கள் ஒத்திருப்பதால் முதலாவதைப் பயன்படுத்திப் புறத்தை இழந்த நிரல்கள் எண்ணிறந்தன. இவ்விரண்டுக்கும் முன்பிருந்த ‘எஸ்கேப்’ என்னும் பழைய சார்பு, தமிழ் எழுத்துகளுக்கு எந்த விதியிலும் இல்லாத ஒரு தனி வடிவத்தைத் தந்தது. அவ்வழியே ஆக்கப்பட்ட தமிழ் இணைப்புகளைப் பிற வழங்கிகள் புரிந்துகொள்ளவில்லை.

கூட்டற் குறியின் கதை வேறு. வினவற் பகுதியில் இடைவெளிக்குச் சுருக்கமாக + இடலாம் என 1994 ஜூன் ஆவணமே இசைவளித்திருந்தது; வலைப் படிவங்களும் அவ்வழக்கையே பின்பற்றின. ஆகவே முகவரியின் ஒரு பகுதியில் + என்பது கூட்டற் குறி, மற்றொரு பகுதியில் அதுவே இடைவெளி. +91 எனத் தொடங்கும் தொலைபேசி எண்ணை வேடமிடாமல் வினவலில் அனுப்பினால் கூட்டற் குறி கரைந்து, எண்ணின் முன்னே ஒரு வெற்றிடம் வந்து நிற்கும். ‘சி++’ என்னும் நிரல்மொழியைத் தேடுபவர் ‘சி’ என்னும் வேறொரு மொழிக்குச் சென்று சேர்வார். பி.எச்.பி. மொழி இடைவெளியை + ஆக்கும் சார்பு ஒன்றும், %20 ஆக்கும் சார்பு ஒன்றும் என இரண்டையும் வைத்திருப்பது இவ்விரட்டை வழக்கின் சான்று.

இருமுறை வேடமிடுதல் இன்னொரு நோய். ஒரு நிரல் இடைவெளியை %20 ஆக்கிக் கொடுக்கிறது. அதைப் பெற்ற அடுத்த நிரல், இது முன்பே மாற்றப்பட்டது என்று அறியாமல், விழுக்காட்டுக் குறியை %25 ஆக்குகிறது. விளைவு %2520. மூன்றாவது கைக்குச் சென்றால் %252520. ஓர் இணைப்பில் 25 என்னும் எண் இவ்வாறு தொடர்ந்து வரக் கண்டால், அது எத்தனை கை மாறி வந்தது என்று எண்ணிச் சொல்லிவிடலாம்.

மாற்றும் வரிசைக்கு ஒத்ததே மீட்கும் வரிசையும். முதலில் பிரிப்பான்களைக் கொண்டு முகவரியைப் பகுக்க வேண்டும். பின்னர் ஒவ்வோர் உறுப்பையும் ஒரேயொரு முறை மீட்க வேண்டும். அதன் பின்னரே அதில் கேடு ஏதும் உண்டா என ஆராய வேண்டும். இவ்வரிசை பிறழ்ந்தால் நேர்வது வெறும் தேடற் பிழையன்று. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் வலைவழங்கி நிரலில் 2000 அக்டோபரில் ஒரு பிழை வெளிப்பட்டது. தடைசெய்யப்பட்ட கோப்புறைக்குள் சாய்கோட்டின் வழியே ஏற முயல்வோரை அந்நிரல் தடுத்தே வந்தது. ஆனால் சாய்கோட்டை விதிக்குப் புறம்பாக நீட்டி, இரண்டு பைட்டுகளாக எழுதி விழுக்காட்டுக் குறியிட்டு அனுப்பியபோது, காவலைக் கடந்த பின்னரே அது சாய்கோடாக மீண்டது. இருமுறை மீட்பதால் எழுந்த மற்றொரு பிழை 2001 மேயில் தெரியவந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் உலகெங்கும் பரவிய ‘நிம்டா’ என்னும் புழுநிரல் நுழைந்த வாயில்களுள் இவையும் அடங்கும். எழுத்தை நீட்டி எழுதும் அவ்வழக்கம் ஏற்கத்தக்கதன்று என 2003 நவம்பர் ஆவணம் ஐயத்துக்கிடமின்றித் தடைசெய்தது.

இதுவரை கூறியது ஆங்கிலக் குறிகளின் கதை. தமிழின் இடர் வேறு இடத்தில் இருந்தது. 1994ஆம் ஆண்டு விதி பைட்டுகளை எழுதும் முறையைச் சொன்னதேயன்றி, எந்த எழுத்துக்கு எந்தப் பைட்டு என்பதைச் சொல்லவில்லை. ஆஸ்கிக்குள் அடங்கிய எழுத்துகளுக்கு அவ்வினா எழவில்லை. வெளியே நின்றவற்றுக்கோ விடையே இல்லை. தொண்ணூறுகளில் தமிழுக்கு ஒன்றல்ல, பல குறியேற்றங்கள் இருந்தன. எழுத்துரு ஆக்கியவர் ஒவ்வொருவரும் ஒரு வரிசை வகுத்தனர். சிங்கப்பூரில் 1995 அக்டோபரில் நான்கு மொழிக் கவிதைகளோடு ஒரு வலைத்தொகுப்பு வெளியானபோது, தமிழ்க் கவிதைகளை ஏற்றும் பணியில் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி முன்னின்றார். வலையில் தமிழ் நுழைந்த தொடக்க வாயில்களுள் ஒன்று கவிதையாக இருந்தது மகிழத்தக்கது. ஆயினும் பக்கத்தின் உள்ளேதான் தமிழ். பக்கத்தின் பெயர் ஆங்கிலத்தில் இருந்தே தீர வேண்டிய காலம் அது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் மின்னூல்களின் கோப்புகளுக்கு ரோமானிய முன்னொட்டோடு வரிசை எண்களையே பெயராக வைத்தது. திருக்குறளாயினும் சிலப்பதிகாரமாயினும் முகவரியில் ஓர் எண்தான். அன்றிருந்த நிலையில் அதனினும் அறிவார்ந்த முடிவு வேறில்லை.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த ‘தமிழ்நெட் 99’ மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டு அரசு டாம், டாப் என்னும் இரு குறியேற்றங்களை ஏற்றது. இணையத்தில் கூடிய தமிழர் உருவாக்கிய ‘திஸ்கி’ இன்னொரு பக்கம் வழங்கிற்று. இவற்றுள் ஒன்றில் எழுதிய சொல்லை விழுக்காட்டுக் குறியிட்டு இணைப்பாக்கினால், மற்றொன்றைப் பயன்படுத்துபவர் அதை மீட்கும்போது பொருளற்ற எழுத்துக் குவியலைப் பெற்றார். முகவரி விதிப்படி செப்பமாக இருக்கும். படிக்கத்தான் ஆள் இராது. தமிழறியாத மேலைநாட்டுக் குறியேற்றத்தில் அமைந்த பக்கத்தின் படிவத்தில் ஒருவர் ஒருங்குறித் தமிழில் தட்டச்சிட்டால் நேர்ந்தது இன்னும் விந்தை. தன் குறியேற்றத்தில் இல்லாத ‘த’ என்னும் எழுத்தை உலாவி &#2980; என ஏழு குறிகளாக எழுதியது. அவற்றுள் மூன்று குறிகளுக்கு வேடம் வேண்டியிருந்ததால், தகரம் ஒன்று முகவரியில் பதின்மூன்று குறிகளாயிற்று.

விடை வேறொரு தாளிலிருந்து வந்தது. 1992 செப்டம்பரில் நியூ ஜெர்சி மாநிலத்து உணவகம் ஒன்றில், பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த கென் தாம்சன், உண்கலத்தின் கீழே விரிக்கப்பட்டிருந்த தாளில், ராப் பைக் உடனிருக்க, ஒரு குறியேற்ற முறையை வரைந்தார். யூ.டி.எஃப்-8 எனப் பின்னர்ப் பெயர்பெற்ற அம்முறை, ஒருங்குறியின் எண்களைப் பைட்டுகளாகப் பிரித்து எழுதும் வழி. ஆஸ்கி எழுத்துகள் அதில் மாற்றமின்றி ஒரே பைட்டாக நிற்கும். ஏனைய எழுத்துகள் இரண்டு முதல் பல பைட்டுகளாகப் பிரியும். ஆனால் அப்பைட்டுகளுள் ஒன்றேனும் ஆஸ்கிக் குறி ஒன்றைப்போல் தோற்றமளிக்காது. முகவரிக்கு இதனினும் வேண்டத்தக்க பண்பு இல்லை. எந்தத் தமிழ் எழுத்தின் உள்ளேயும் ஒரு சாய்கோடோ வினாக்குறியோ ஒளிந்திருந்து முகவரியைப் பிளந்துவிடாது.

உணவகத் தாளில் பிறந்த முறை முகவரிக்குள் நுழையப் பல ஆண்டுகள் ஆயின. வலைப்பக்க மொழியின் நான்காம் பதிப்பு, 1997 டிசம்பரில், ஆஸ்கிக்குப் புறம்பான எழுத்துகளை யூ.டி.எஃப்-8 பைட்டுகளாக்கி விழுக்காட்டுக் குறியிடுமாறு பரிந்துரைத்தது. 2005 ஜனவரியில் இரண்டு ஆவணங்கள் அடுத்தடுத்த எண்களோடு வெளிவந்தன. 3986 பழைய முகவரி இலக்கணத்தைத் திருத்தி நிலைநிறுத்திற்று. மார்ட்டின் டூர்ஸ்ட், மிஷெல் சுவிஞார்ட் ஆகிய இருவர் எழுதிய 3987, முகவரியில் உலகின் எல்லா எழுத்துகளையும் நேராகவே எழுதலாம் என்றும், பழைய இலக்கணம் வேண்டப்படும் இடத்தில் அவற்றை இன்னவாறு மாற்ற வேண்டும் என்றும் வகுத்தது. தமிழ் எழுத்து முகவரியில் நிற்பதற்கு விதிமுறை இசைவு கிடைத்த ஆண்டு என 2005ஐச் சொல்லலாம். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவின் பக்கங்கள் தமிழ்த் தலைப்பையே முகவரியாகக் கொண்டு பெருகியதற்கு இதுவே அடித்தளம்.

இனி, ஔவையாரின் கணக்கு. 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பு, இந்திய மொழிகளுக்கான பொதுத் திட்டமொன்றைப் பின்பற்றித் தமிழுக்கு இடம் ஒதுக்கியது. அதில் உயிர்மெய்க்குத் தனி எண் இல்லை. அகரமேறிய மெய்க்கு ஓர் எண், அதையடுத்த உயிர்க்குறிக்கு ஓர் எண். புள்ளிக்கும் தனி எண். ஆகவே ஔ ஒன்று, வை இரண்டு, யா இரண்டு, ர் இரண்டு, மொத்தம் ஏழு. தமிழ்க்கு ஒதுக்கப்பட்ட பகுதியின் எண்கள் யூ.டி.எஃப்-8 முறையில் மும்மூன்று பைட்டுகளாவன, ஆக இருபத்தொன்று. ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று குறிகள். ஆக அறுபத்து மூன்று. கிரேக்கமும் உருசியமும் எழுத்துக்கு இரண்டு பைட்டோடு நின்றுவிட, தமிழுக்கு மூன்று வேண்டியிருப்பதன் காரணம் ஒருங்குறி வரிசையில் அது பின்னே அமர்ந்தது மட்டுமே. மெய்யெழுத்து ஒவ்வொன்றும் முகவரியில் பதினெட்டுக் குறிகளை விழுங்குகிறது. மெய்யும் பதினெட்டு, குறியும் பதினெட்டு என்று மகிழ்வதற்கு இதில் ஏதுமில்லை.

நீளம் என்பது அழகு பற்றிய குறை மட்டுமன்று. வேர்ட்பிரஸ் என்னும் பரவலான பதிப்பு நிரல், தலைப்பிலிருந்து தானே உருவாக்கும் முகவரிப் பகுதியை விழுக்காட்டுக் குறியிட்ட வடிவிலேயே சேமிக்கிறது. அதன் நீளத்தை 200 குறிகளோடு வெட்டுகிறது. ஆங்கிலத் தலைப்புக்கு 200 என்பது தாராளம். தமிழுக்கோ ஒருங்குறி எண் ஒன்றுக்கு ஒன்பது குறிகள் வீதம் இருபத்திரண்டு எண்களே அடங்கும். ‘திருச்சிற்றம்பலக்கோவையார்’ என்று மாணிக்கவாசகர் நூலின் பெயரைத் தலைப்பாக இட்டால், இருபத்தைந்து எண்கள் தேவைப்படும். முகவரியில் கிடைப்பது ‘திருச்சிற்றம்பலக்கோவைய’ என்பது வரை. காலும் ரகரமும் புள்ளியும் வெளியே நின்றுவிடும். கத்தி எழுத்தின் எல்லை அறிந்து வெட்டுவதில்லை. மெய்யையும் அதன் புள்ளியையும் பிரித்துவிடவும் கூடும். ஓலையில் புள்ளி இடாமல் எழுதிய காலத்தில் படிப்பவர் தாமே புள்ளியிட்டுப் படித்துக்கொண்டனர். வழங்கிக் கணிப்பொறி அவ்வாறு படித்துக்கொள்ளாது.

ஒரே தோற்றம், இருவேறு எண்வரிசை என்பதும் தமிழில் உண்டு. ஒகர உயிர்மெய்க்குறிக்கு ஒருங்குறியில் தனி எண் இருக்கிறது. ஒற்றைக்கொம்பும் காலும் எனத் தனித்தனியே இரண்டு எண்களாக எழுதவும் இடமிருக்கிறது. ‘கொற்றவை’ என்பதை இருவகையிலும் எழுதலாம். திரையில் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. விழுக்காட்டுக் குறியிட்டபின் இரண்டும் வெவ்வேறு முகவரிகள். இரட்டை வடிவங்களை ஒன்றாக்கிய பின்னரே முகவரியாக்க வேண்டும் என்று 3987ஆம் ஆவணம் அறிவுறுத்துகிறது. அதைச் செய்யாத நிரல்களில் பக்கம் இருந்தும் கிடைக்காத நிலை ஏற்படுகிறது.

வலைத்தளத்தின் பெயர்ப் பகுதிக்கு விழுக்காட்டுக் குறி பயன்படவில்லை. அங்கே எழுத்து, எண், சிறுகோடு என்னும் பழைய வாய்க்காலே இன்றும் நீடிக்கிறது. பன்மொழித் தளப்பெயர்களுக்கான முயற்சி 1998இல் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் தொடங்கி, 2003 மார்ச்சில் விதியாயிற்று. ஆடம் காஸ்டெல்லோ வகுத்த ‘பியூனிகோடு’ என்னும் சுருக்கெழுத்து முறை தமிழ்ப் பெயரை ரோமானிய எழுத்தும் எண்ணுமாக்கி, முன்னே ஓர் அடையாள ஒட்டையும் இரண்டு சிறுகோடுகளையும் இடுகிறது. ஆக, ஒரே முகவரியின் முற்பாதியில் தமிழுக்கு ஒரு வேடம், பிற்பாதியில் இன்னொரு வேடம். நிரலர் இரண்டையும் தனித்தனியே கையாள வேண்டும். பெயர்ப்பகுதியில் விழுக்காட்டு வேடத்தை இட்டவரும் உளர், பாதையில் பியூனிகோடை இட்டவரும் உளர். இலங்கை, இந்தியா, சிங்கப்பூர் ஆகிய மூன்று நாடுகளின் பெயர்களும் தமிழிலேயே உயர்நிலைத் தளப்பெயர்களாக 2010, 2011 ஆகிய ஆண்டுகளில் ஏற்கப்பட்டன.

கைதுடைக்கும் தாளுக்குத் திரும்பலாம். சாமும் கிம்மும் தமிழராயிருந்து, தாளில் எழுதப்பட்டது ‘ஔவையார்’ என்று முடியும் முகவரியாயிருந்தால் என்ன ஆகும்? கையால் எழுதி, பார்த்துத் தட்டச்சிட்டால் இன்றைய உலாவிகளில் அது நேரே பக்கத்துக்குச் செல்லும். நான்கெழுத்து நான்கெழுத்தாகவே பயணம் செய்யும். படியெடுத்து ஒட்டும் வேலையைப் பொறியிடம் விடும்போதுதான் அறுபத்து மூன்று வந்து சேர்கிறது. கைக்காக வகுத்த விதி, கையைவிடப் பொறிக்கே பெருஞ்சுமையாயிற்று. அச்சில் இணைப்புகளைத் தருவோர் விழுக்காட்டுச் சரத்தை அப்படியே கோத்து மூன்று வரிகளை நிரப்புவதைவிடத் தமிழ் வடிவத்தையே அச்சிடுவது படிப்போர்க்கு உதவும்.

ஆயினும் தாளில் ஓர் ஐயம் மிஞ்சும். முதலெழுத்து ஔகாரமா, ஒகரத்தின் பக்கத்தில் எழுதிய ளகரமா என்பது கையெழுத்தில் தெரியாது. பல எழுத்துருக்களில் அச்சிலும் எளிதில் தெரியாது. விசைப்பலகையில் ஔகாரத்தைத் தேடிச் சலித்து ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டுவோர் இன்றும் பலர். அவ்வாறு தட்டினால் எண்கள் ஏழல்ல, எட்டு. குறிகள் அறுபத்து மூன்றல்ல, எழுபத்திரண்டு. முன்னர்க் கண்ட கொற்றவையின் இரு வடிவங்களைப் போல இவற்றை ஒன்றாகக் கருதுமாறு எந்த விதியும் கூறவில்லை. ஒருங்குறிக்கு இவை வெவ்வேறு எழுத்துகள். வழங்கி அப்பெயரைத் தன் பட்டியலில் தேடும். அவ்வடிவத்துக்கென்று ஒரு மாற்றுவழியை எவரேனும் முன்பே அமைத்து வைத்திராவிடில், 404 என்னும் எண்ணோடு, அப்படி ஒரு பக்கம் இல்லை என்று விடை சொல்லும்.